துரை பூங்காவின் பலாமரம்

கொல்லிமலையில் வெள்ளைக்காரத் துரை போட்ட பூங்காவின் முள்கம்பி வேலிக்கு வெளியே, கையில் ஒரு பலாச்சுளையோடு இருசாயி உட்கார்ந்திருக்கிறாள். மேற்கே சரியும் வெயில் அவள் சேலையில் கம்பியின் கோடுகளை இழுத்திருக்கிறது. வேலிக்கு உள்ளே புல்தரை, ரோஜாப் பாத்திகள், ஆள் இல்லாத வெள்ளை பெஞ்சு, அதற்கு மேலே கிளை விரித்த ஊர்ப் பலாமரம். வேலி வரும்வரை வருஷத்தின் முதல் பழத்தை ஊரே அந்த நிழலில் கூடி உட்கார்ந்துதான் தின்றது. நிழலுக்கு வெளியே கொண்டுபோய்த் தின்னும் வழக்கமில்லை. இந்த வருஷத்து முதல் பழத்தைத் துரையின் பங்களாவுக்கு அறுத்துக் கொடுத்தவன் பூங்காவில் வேலை பார்க்கும் அவள் தம்பி செங்கோடன். உள்ளே நின்று கம்பி இடுக்கில் அதன் சுளை ஒன்றை நீட்டியவனும் அவன்தான். “தின்னுக்கா, ஈ மொய்க்குது.” “செத்த நேரம் இரு சாமி.” “உள்ள கூட்டியாந்து உக்கார வெக்க எனக்கும் ஆசதான். நம்மாளுக நொழையக்கூடாதுன்னு உத்தரவு.” “உன்னைய ஆரு கொற சொன்னா?” சுளையின் சாறு மணிக்கட்டுவரை வழிகிறது. மணத்தில் வாய் ஊறுகிறது. அவள் கண் மரத்தடியில், தன் அம்மா எப்போதும் குந்தும் வேரின் மேல் நிற்கிறது. பெஞ்சின் ஒரு கால் இப்போது அந்த வேரின் மேல் ஊன்றியிருக்கிறது. மரத்தின் நிழல் புல்லில் நீண்டு, பாத்தியைக் கடந்து, வேலிக்கு அடியில் புகுந்து அவள் கால்விரலைத் தொடுகிறது. முழங்காலுக்கு ஏறுகிறது. மடியை மூடியதும் சேலையில் கிடந்த கம்பிக் கோடுகள் அதற்குள் மறைந்துபோகின்றன. இருசாயி சுளையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை உயர்த்துகிறாள்.

“வெளிய வா சாமி. நெழல் வந்துருச்சு.”