ஸ்டூல் அண்ணன்

"அந்த ஆளுக்கு முட்டி வலியே கிடையாது சார். எல்லாம் நடிப்பு!"

மேனேஜர் நிமிர்ந்தார். "நிச்சயமாத் தெரியுமா?"

"துணிக்கட்டைத் தூக்கிட்டு ரெண்டு ரெண்டு படியாத் தாவுறார். என் கண்ணால பார்த்தேன்."

"நேர்ல கேளு. பொய்னு தெரிஞ்சா ஸ்டூலோட ஆளையும் அனுப்பிடலாம். நான் பின்னாடியே வர்றேன்."

சூப்பர்வைசர் விறுவிறுவென்று இறங்கினார்.

அந்தத் துணிக்கடையில் வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது. சட்டைப் பிரிவு அண்ணனுக்கு மட்டும், டாக்டர் சீட்டின் புண்ணியத்தில், கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அதனால் ஸ்டூல் அண்ணன் என்றே பேராகிவிட்டது.

போன வருஷம் முட்டி வலிக்காக ஆஸ்பத்திரியில் அவர் தொடையில் நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள். லேசான மின்சாரம் நரம்பைத் தட்டிக்கொண்டே இருக்குமாம். அறுபது நாளில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் வலி திரும்பிவிட்டது என்று அண்ணன் சொன்னதைக் கடையே நம்பியது.

"அண்ணே, மழுப்பாம சொல்லுங்க. வலி இருக்கா, இல்லையா?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "இல்ல தம்பி. கம்பியை எடுத்து எட்டு மாசமாச்சு, திரும்பவே இல்ல. எல்லாருக்கும் இப்படி அமையாதாம். எனக்கு அமைஞ்சுது."

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க கால் கடுக்க நிக்கணும், நீங்க மட்டும் ஜம்முனு உட்காரணுமா?"

ஸ்டூலை இழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் போனார்.

அதில் பில் போடும் பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழாவது மாதம். வீங்கிய பாதங்களைச் செருப்பிலிருந்து உருவி வைத்திருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"இந்தப் பொண்ணுக்குப் பத்து நிமிஷம், தையல் அக்காவுக்குப் பத்து நிமிஷம், பெருக்குற அம்மாவுக்குப் பத்து நிமிஷம்" என்றார் அண்ணன். "நான் அதுல உட்கார்ந்தே எட்டு மாசமாச்சு. வலி போச்சுன்னு சொன்னா ஸ்டூலும் போயிடுமே தம்பி."

சூப்பர்வைசருக்கு, இப்படி ஒரு மனுஷனைப் போய்க் காட்டிக்கொடுத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

படியில் மேனேஜரின் ஷூ சத்தம் கேட்டது.

"நீ பில் போடப் போம்மா" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, சூப்பர்வைசர் ஸ்டூலை அண்ணன் பக்கம் தள்ளினார்.

"முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்கண்ணே, சீக்கிரம்! தாவினது வேற யாரோன்னு சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இனிமே படியில மட்டும் கொஞ்சம் நொண்டி ஏறுங்க!"