ஜெய்லானி போடாத கையெழுத்து

"வீதியில எல்லாரும் போட்டாச்சு அண்ணாச்சி. தையக்கட ஜெய்லானி மட்டும் முடியாதுங்கிறாரு."

இட்லிக்கடை மொக்கம்மாள் வந்து சொன்னபோது வைகுண்டராஜுக்கு நம்ப முடியவில்லை.

உத்தமபாளையத்துக்கு மேற்கே நாற்பது வருடமாக இருக்கிற பட்டாள முகாமை மூடி வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள். முகாம் கேட்டுக்கு எதிரே முளைத்ததுதான் அந்தக் கடைவீதி. இட்லிக்கடை, சலூன், எஸ்.டி.டி. பூத், வைகுண்டராஜின் மளிகை எல்லாமே பட்டாளத்துக்காரர்களை நம்பித்தான் ஓடின. செய்தி வந்த அன்றே மொக்கம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வைகுண்டராஜ் அசருகிற ஆள் இல்லை. வியாபாரிகள் சங்கச் செயலாளர். தேனி தனி மாவட்டமாகி ஏழெட்டு வருடம் ஆகிறது, மதுரைக்கு அலைய வேண்டியதில்லை, திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் அது டெல்லி வரைக்கும் போகும், முகாம் ஒரு அடி நகராது என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார். மனுவையும் அவரே எழுதினார்.

அதில்தான் ஜெய்லானி கையெழுத்துப் போடவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பட்டாளத்துக்குத் தைக்கிறவர். முகாம் போனால் முதலில் நிற்கப்போவது அவருடைய மெஷின்தான்.

அப்படி இருந்தும் மறுக்கிறார் என்றால்? போகிற ஊரில் அவருக்கு மட்டும் கான்ட்ராக்ட் பேசியிருக்கிறார்கள் என்று வைகுண்டராஜ் முடிவு கட்டினார். சங்கத்தில் அதைச் சொல்லவும் செய்தார். ஜெய்லானி கடையில் இனி யாரும் துணி கொடுக்கக் கூடாது என்று பேச்சாகிவிட்டது. பாதி தைத்த ஜாக்கெட் துணிகளைக்கூட இரண்டு பேர் போய்த் திருப்பி வாங்கி வந்தார்கள். ஜெய்லானி அழகாக மடித்துக் கொடுத்தாராம்.

ஞாயிறு காலை, மனுவை எடுத்துக்கொண்டு வைகுண்டராஜே நேரில் போனார்.

கடைக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது மேஜை நிறையக் குழந்தைத் துணி. பூப்போட்ட கவுன், பாவாடை, குட்டிக் குட்டிச் சட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது.

"பரவால்லயே பாய். நாங்க வயித்துல ஈரத்துணி போட்டுக்கிட்டுத் திரியிறோம். உங்களுக்குப் புது ஆர்டரே வந்திருச்சு போல."

"புதுசு இல்ல அண்ணாச்சி. உக்காருங்க."

அவர் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் வைகுண்டராஜ் உட்காரவில்லை. ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தார். 'பிங்கி. நாலு வயசு.' அடுத்ததில், 'ராஜு. ரெண்டரை.'

"என்னய்யா இது? அளவைக் காணோம்?"

"அளவு ஏது? எல்லாம் பட்டாளத்துக்காரக அவுக புள்ளைகளுக்குத் தைக்கச் சொன்னது. லீவுல போறப்ப எடுத்துட்டுப் போவாக. என்ன உயரம், எத்தன இஞ்சுன்னு கேட்டா அவுகளுக்கே தெரியாது. பாத்து ஒரு வருசம் ஆயிருக்கும். கையத் தரையில இருந்து இம்புட்டு உசரம்னு காட்டுவாக. நானும் குத்துமதிப்பா வெட்டுவேன்."

அடியில் இருந்து ஒரு சிவப்புக் கவுனை எடுத்து விரித்தார். போன வருடம் ஒரு ஹவில்தார் தைத்து வாங்கிப்போனது. லீவு ரெண்டு முறை தள்ளிப்போய், ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வளர்ந்துவிட்டாள். தலை வழியாகவே நுழையவில்லை. வேறு யார் பிள்ளைக்காவது ஆகட்டும் என்று திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த ஆள் இதே ஸ்டூலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"போற எடத்துல எல்லாருக்கும் குவார்ட்டர்ஸ் கட்டியிருக்காகளாம் அண்ணாச்சி. பொண்டாட்டி புள்ளையக் கூட வச்சுக்கிடலாம். நம்ம முகாம்ல அதுக்கு எடமில்ல. நாப்பது வருசமா இல்ல."

வைகுண்டராஜ் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். 'முகாம் இங்கேயே தொடர வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் அவரே டைப் அடிக்கச் சொன்ன வரி.

"கான்ட்ராக்ட் கிடைச்சிருச்சுன்னு நான்தான்யா சங்கத்துல சொன்னேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"இங்க உங்க பொழப்பு?"

"கை இருக்கு, மெஷின் இருக்கு. பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பேன். நீங்களும் கடைய ரோட்டுப்பக்கம் திருப்பி வச்சா ஓடத்தான் போகுது. நம்ம தெனமும் சாயங்காலம் வீட்டுக்குப் போறவுக அண்ணாச்சி. எப்படியும் பொழச்சுக்கிடுவோம். அவுகள இங்கனயே வையின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட? அங்கனயாவது ஒரு தையக்காரன் புள்ளைய நிக்க வச்சு, தகப்பன் பக்கத்துல இருக்க, டேப்பு பிடிச்சு அளவெடுக்கட்டும்."

வைகுண்டராஜ் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒரு பேன்ட் துணி எடுத்து, தைக்கச் சொல்லி ஜெய்லானி கடைக்கு அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை வேன் பிடித்துப் போய் மொக்கம்மாள் கலெக்டர் கையில் கொடுத்த மனுவில் இரண்டு கையெழுத்து இல்லை. ஜெய்லானியுடையது இல்லை. சங்கச் செயலாளருடையது கோடு போட்டு அடித்திருந்தது.