வலது பாதம்

பேருந்து ஓட்டுநர் தங்கமுத்துவுக்கு அவ்வப்போது சில நொடிகள் நினைவு தப்புகிறதென்று டிப்போவிலிருந்து பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் சரியாக வந்தால்தான் மறுபடி வண்டி. தலையில் எண்ணெய் கூடாது, ராத்திரி கண்ணசரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்த ஆஸ்பத்திரி டெக்னீஷியன் ஜெசிந்தா, அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, மண்டையில் பசை தடவி இருபது வயர்களை ஒட்டிவிட்டு, "தூக்கம் வந்தா தூங்குங்கண்ணே" என்றாள். இருபத்திரண்டு வருடம் தூக்கத்தை விரட்டியே வண்டி ஓட்டியவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஷாக் வைப்பீங்களாம்மா?"

"அதெல்லாம் இல்லண்ணே. மூளை ஓடுறத மெஷின் எழுதிக்கும், அவ்வளவுதான்."

கண்ணை மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள், வேகமாக மூச்சு விடச் சொன்னாள். பிறகு எதிரே வரும் லாரி டிம் பிரைட் அடிப்பதுபோல் முகத்துக்கு நேரே ஒரு விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

"முடிஞ்சிருச்சுண்ணே."

"இப்பத்தானம்மா லைட்டு போட்டீங்க?"

"அணைச்சுப் பத்து நிமிஷமாச்சு. மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டேன்." வயர்களைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "எதுக்குண்ணே கால அந்த அழுத்து அழுத்துனீங்க?"

கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் அவருடைய வலது பாதம் இன்னும் அழுந்திக் கிடந்தது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை. யார் குறுக்கே வந்தது என்று நினைவில்லை. வண்டி நின்றதா என்றும் தெரியவில்லை.