கைக்குத் தெரிகிற கயிறு

மச்சான் கயிற்றின் நுனியை மரக் கப்பிக்குள் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. கயிறு அவ்வளவு தடிமன்.

உளியை எடுத்துக் கப்பியின் வாயைச் செதுக்கினார்.

நாங்கள் இருவரும் படகுக்குள் நின்றுகொண்டிருந்தோம். கோவளம் மணலில் ஏற்றி வைத்திருந்த சின்னப் பாய்ப்படகு. மெட்ராஸில் மரக்கடை வைத்திருந்த சிவப்பிரகாசம் முதலாளியுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு வருவார். என் அக்கா புருஷன் வரதன் சுக்கான் பிடிப்பார். நான் கயிறு இழுப்பேன், காற்று ஏறினால் அவரும் கை கொடுப்பார். எழுபத்து நாலாம் வருஷம் அது.

பாயின் அடியில் ஒரு கழி குறுக்காக வரும். முதலாளி அதைப் பூம் என்பார், நாங்களும் அப்படியே சொன்னோம். காற்று ஏறினால் பாயின் கீழ்ப்பாகத்தைப் பூமோடு இழுத்துக் கட்டிப் பாயைச் சின்னதாக்க வேண்டும். அதற்கென்று ஒரு கயிறு பாயின் ஓரத்துத் துளையில் நுழைந்து இறங்கி, கப்பியில் திரும்பி, பூமை ஒட்டி முன்னால் வரும். ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். பாதியில் நழுவினால் பாய் முழுசாக விரிந்து படகைச் சாய்த்துவிடும்.

போன வாரம் நழுவிவிட்டது. முட்டுக்காட்டு முகத்துவாரத்துக்கு எதிரே முதலாளியும் சிநேகிதரும் தண்ணீரில் விழுந்து எழுந்தார்கள்.

அதனால்தான் இந்த வேலை. முதலாளி வாங்கித் தந்த மெல்லிய நைலான் கயிறுகளை மச்சான் உருவிப் போட்டிருந்தார். பழைய தடித்த கயிறு கோத்தார். கையில் பிடிக்கிற இடத்தில் சாணுக்கு ஒரு முடிச்சு. நுனியில் ஒரு மரக்கட்டை. பாயின் அடியை விறைப்பாக்கும் கயிறு, பூம் மேலே எழும்பாமல் பிடிக்கும் கயிறு, எல்லாம் அதே மாதிரி. பார்த்த உடனே எது எதுவென்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு கலர்த்துணி.

பக்கத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த சின்னராசு கேட்டார்.

"இன்னா வரதா, படகா, மாட்டுக் கொட்டாயா?"

"உனக்கும் ஒரு முளை அடிச்சிக்கீறேன், வா" என்றார் மச்சான்.

சின்னராசு கடையிலிருந்து டீ வாங்கி வந்தார். மச்சான் என் கிளாஸைத் தானே வாங்கி, ஆறும்வரை வைத்திருந்து என்னிடம் கொடுத்தார்.

"குடிடா மாரி. பொண்டாட்டி தம்பின்னா ஊதி வேற குடுக்கறான்யா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் வெட்கம்தான்.

முதலாளி வந்துவிட்டார். கூட இரண்டு சிநேகிதர்கள். படகின் பக்கத்தில் நின்று முடிச்சுக் கயிற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

"என்னப்பா இது கண்றாவி. யாரு கட்டினது?"

மச்சான் உளியைக் கீழே வைத்தார்.

"நான்தான் மொதலாளி. கை மரத்துப் பூடுது. மெல்லிசு கயிறுன்னா கையில கீதா, வுட்டுட்டனான்னே தெரில. போன வாரம் வுட்டது நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி கயிற்றை விட்டார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"திருமணிக்குப் போய்க் காட்டினியா?"

கோபமாகக் கேட்கவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டே கேட்டார். செங்கல்பட்டுப் பக்கத்தில் தொழுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஊர் திருமணி. அந்தப் பேரைச் சொன்னால் போதும், நோயின் பேரைச் சொல்ல வேண்டியதில்லை.

சின்னராசு படகின் விளிம்பில் இருந்த டீ கிளாஸ்களைப் பார்த்தார். எது தன்னுடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு மச்சானோடு யாரும் கட்டுமரம் ஏறவில்லை. தனியாகவே கடலுக்குப் போனார். மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மரம் மட்டும் கரைக்கு வந்தது.

ஆனால் அன்றைக்கு அவர் சிரித்த முகமாகத்தான் நின்றார்.

"இனிமே நீ வர வேண்டாம்பா" என்றார் முதலாளி.

"சரி மொதலாளி. மாரிய வெச்சிக்கோங்க. தையில அவனுக்குக் கல்யாணம், திருவிடந்தையில தேதி வெச்சிக்கீது. அவன் கை நல்ல கை."

நான் வாயைத் திறந்தேன்.

"மொதலாளி, அது வந்து..."

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. அவர் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

"சொல்லுப்பா" என்றார் முதலாளி.

"நான் இன்னா சொல்றன்னா மொதலாளி..."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் முகங்களைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன்.

குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. படகுக்குள்ளே, வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாத இடத்தில், மச்சானின் குதிகால் என் கால் பெருவிரல்மேல் ஏறி நின்றது. பேசாதே, பேசாதே என்று எவ்வளவு நேரமாக மிதித்துக்கொண்டிருந்தாரோ. நகம் பிளந்து பலகையில் ரத்தம் ஓடியிருந்தது.

எனக்கு வலி ஒன்றும் தெரியவில்லை.

மரத்துப்போவது என் கையோடு நின்றுவிட்டது என்றுதான் அதுவரை நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.