சந்தேகக் கேஸில் ஒரு குறுக்கெழுத்து

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுக்க நான் செலவழித்த நாட்களில் ஊரில் ஏழு பெண்களுக்கு வரன் அமைந்திருக்கும். நான் கருவூலத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். அங்கே பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். ஒருவரை மட்டும் நம்பும் வழக்கமே கிடையாது. அதனால் வைரஸுக்கு ஒன்று, உளவு பார்ப்பவற்றுக்கு ஒன்று என்று இரண்டு மென்பொருட்களைப் போட்டேன். மறுநிமிடமே இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டன. அந்தக் கைகலப்பில், என் மனைவி செண்பகவல்லி வாராவாரம் தயாரித்து, பத்திரிகைக்கு ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டிய குறுக்கெழுத்துப் புதிரையும் சந்தேகக் கேஸில் உள்ளே தள்ளிவிட்டன. கேட்டதும் ஒன்று விடுவித்தது. மற்றது வாசலிலேயே மடக்கியது.

"பதினோரு வருஷத்துல ஒரு வாரம்கூட நான் தவறினதில்லைங்க." என்றாள், கடிகாரத்தைப் பார்த்து. மணி நாலே முக்கால்.

"ஒண்ண எடுத்திடுறேன். கண்டிப்பானது இருக்கட்டும், என்ன?"

"கண்டிப்புக்கு வீட்டுல நீங்க ஒருத்தர் போதாதா? கேட்டா விடுது பாருங்க, அத வச்சுக்குங்க."

பிடிவாதக்காரனை நீக்கினேன். மிஞ்சியது, 'இந்தக் கோப்பை நம்புகிறீர்களா?' என்று கேட்டது. நான் யோசிக்கத் தொடங்குவதற்குள், மவுஸில் இருந்த என் கைமேல் கை வைத்து அவளே 'ஆம்' என்பதை அழுத்தினாள். நாலு ஐம்பத்தெட்டுக்குப் புதிர் போய்ச் சேர்ந்தது. நாங்கள் விட்ட பெருமூச்சில் மின்விசிறியே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. எனக்கும் அவசரமில்லை.