இடது பின்கதவு

வண்டியை விற்பதில்கூட ஒரு மனுஷன் திமிர் காட்ட முடியுமா? முடியும் என்றுதான் மைக் நினைத்தார்.

வாங்க வந்தவர் பல் டாக்டர். பழைய கார் என்றால் உயிரை விடுவார். இந்த மாடலில் நாடு முழுக்க ஒன்பதுதான் ஓடுகிறதாம். விலை படிந்த பிறகு, வண்டிக்குச் சொந்தக்காரரான பழைய தொழிற்சாலை மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டாராம்: "எங்க ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவர், மைக்குன்னு சொல்வாங்க. அவர் வந்து பார்த்து நல்ல வண்டின்னு சொன்னாத்தான் சாவி தருவேன்."

தொழிற்சங்கத் தலைவராக, ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பேசியதால் வந்த பெயர் அது. தொழிற்சாலை மூடிவிட்டது. சங்கம் கலைந்துவிட்டது. பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

முப்பத்தொரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத ஆளை இப்போது எதற்குக் கூப்பிட வேண்டும்? இடது பின்கதவில் இருக்கும் பள்ளத்தைக் காட்டிக் குத்திப் பேசத்தான். வேறென்ன?

இருக்கட்டும். மேனேஜருக்குக் கண் மங்கிவிட்டது. அடுத்த வாரம் மகளின் மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோகிறார். டாக்டர் வாங்காவிட்டால் வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும். அடித்தளம் அரித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்வதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் மைக் கிளம்பினார்.

அந்தப் பள்ளத்தின் கதை ஊருக்கே தெரியும். வேலைநிறுத்தத்தின் நாற்பதாவது நாள். கேட்டை மறித்து நின்ற கூட்டத்துக்குள் இந்தக் கார் நுழைந்தது. யாரோ எதையோ வீசினார்கள். பின்கதவில் டம்மென்று விழுந்தது. வீசியது தான்தான் என்பது மைக் ஒருவருக்கே தெரியும். ஆத்திரத்தில் சட்டைப் பையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து எறிந்திருந்தார்.

மேனேஜர் வண்டியை நிறுத்தி இறங்கினார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கதவோரம் குனிந்து, தரையில் எதையோ பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"உதிர்ந்த பெயிண்டைப் பொறுக்கிட்டுப் போறாருய்யா. ஒரு தொழிலாளி சுருண்டு விழுந்தா இப்படிக் குனிவாரா?" என்று அன்று மாலைக் கூட்டத்தில் மைக் கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு எத்தனையோ மேடை ஏறினார். அந்த வரி எங்கேயும் பொய்த்ததில்லை.

மறுநாள் முதலாளி அனுப்பிய போலீஸ் வந்தது. யார் எறிந்தது என்று கேட்டதற்கு, நானே கேட் தூணில் இடித்துவிட்டேன் என்றாராம் மேனேஜர். சங்கத்தின் மேல் பயம். அதையும் மேடையில் சொன்னார் மைக்.

இப்போது அந்தக் கதவைத்தான் மேனேஜர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தலைவரே," என்றார். குரலில் கிண்டலா மரியாதையா, பிடிபடவில்லை.

மைக் நேரே போய் வண்டிக்கு அடியில் படுத்தார். விரலால் தட்டினார். சுரண்டினார். ஒரு பொட்டுத் துரு இல்லை. எரிச்சலாக இருந்தது.

பள்ளத்தை ஏன் சரி செய்யவில்லை என்று டாக்டர் மேலே கேட்டுக்கொண்டிருந்தார். பட்டறைக்கு விட மனசு வரவில்லை என்றார் மேனேஜர். வராதுதான். தூணில் உரசினால் நீளக் கோடு விழும். இது கட்டைவிரலால் அமுக்கின மாதிரி இருக்கிறது. எந்தப் பட்டறைக்காரனும் பார்த்த உடனே சொல்லிவிடுவானே.

டாக்டர் குனிந்து டார்ச் அடித்தார். "போல்ட்டுல எல்லாம் ஏதோ நம்பர் இருக்கே?"

"இந்த வண்டிக்குக் கடையில சாமான் கிடைக்காது. எல்லாம் எங்க ஆளுங்க கடைஞ்சு குடுத்தது," என்று மைக் எழுந்து உட்கார்ந்தார். விஷயம் சங்கத்துக்கு வந்துவிட்டதால் குரலும் ஏறிவிட்டது. அவரவர் கடைந்த சாமானில் அவரவர் நம்பரைக் குத்த வேண்டும் என்பது சங்கம் வென்ற கோரிக்கை; இல்லாவிட்டால் பத்து செய்தவனுக்கு ஆறு என்று நிர்வாகம் கணக்கெழுதும். "உழைப்புக்கு ஒரு முகவரி வேணும்னு நோட்டீஸ் போட்டதே நான்தான்."

"உங்க நம்பர் எது?"

"நாற்பத்தேழு. அது இந்த வண்டியில இருக்காது. இவருக்கு ஒரு நட்டுகூட நான் கடைஞ்சு குடுத்ததில்ல."

டாக்டர் சிரித்துக்கொண்டே முன்பக்கம் ஏறி டேஷ்போர்டைத் திறந்தார். உள்ளே ஒரு துணிச் சுருள். பிரித்தால் எலுமிச்சை அளவில் ஒரு நட்டு.

"அப்ப இது? நாற்பத்தேழுதானே போட்டிருக்கு?"

மைக் வாங்கிப் பார்த்தார். நாலு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் குத்தினால் அப்படித்தான் விழும்.

"அது வண்டியோட சேராது டாக்டர்," என்றார் மேனேஜர். "கண்டவங்க கைக்குப் போகக் கூடாது. அவர்கிட்டக் குடுக்கத்தான் அவரை வரச் சொன்னேன்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி, வண்டி எப்படி? வாங்கலாமா?"

"நல்ல வண்டி," என்றார் மைக்.

டாக்டர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். மைக் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை எடுத்து வர டாக்டர் வெளியே போனார். மைக் நட்டை உள்ளங்கைக்குள் மூடினார். சில்லென்றிருந்தது.

"அன்னிக்குக் கீழ குனிஞ்சு எடுத்தது..."

மேனேஜர் கதவைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எதை எடுத்தீங்கன்னு போலீஸும் கேட்டாங்க, தலைவரே. நீங்க மேடையில சொன்னதையே சொல்லிட்டேன். பெயிண்ட்டுன்னு."