தோற்பதற்கு ஒரு ஒத்திகை

"மறுபடியும் உள்ளதான் போட்டீங்க. இப்படியே போனா நம்ம பையன் கல்யாணம் நடந்த மாதிரிதான்," என்றாள் மனைவி.

கூடத்தின் கோடியில் படுக்க வைத்திருந்த எவர்சில்வர் தம்ளருக்குள் வெள்ளைப் பந்து அடக்க ஒடுக்கமாகப் போய் உட்கார்ந்திருந்தது. அவர் குனிந்து எடுத்துக்கொண்டு மறுபடி இந்தக் கோடிக்கு வந்தார். காலையிலிருந்து இதே நடைதான். உட்காரவும் முடியவில்லை, ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை.

கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவர் அவர். வருஷத்தில் ஒரு நாள் மைதானத்தைத் தொழிலாளிகளுக்கு விட்டுக்கொடுப்பார்கள். தூரத்து அடியெல்லாம் கிடையாது. குழிக்குப் பக்கத்தில் நின்று பந்தை உருட்டி உள்ளே தள்ளுகிற போட்டி மட்டும். இன்று சாயங்காலம் கடைசிச் சுற்று. எதிரே நிற்கப்போகிறவர் புல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸ்காரர். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்பது அந்தப் பம்ப் ஹவுஸ்காரரின் பெண்ணுக்காகத்தான்.

பெண் கேட்டாயிற்று. அந்த மனுஷன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போட்டி முடியட்டும், பேசிக்கலாம் என்றாராம். அங்கேதான் இவர் யோசிக்க ஆரம்பித்தார். போன தடவை கேட் காவலாளியிடம் தோற்றுவிட்டு, ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் அவர். மைதானமே பார்த்தது. அப்படிப்பட்டவரை ஜெயித்துவிட்டு, அந்தக் கையோடு பெண்ணையும் கொடு என்றால் கொடுப்பாரா?

ஆகவே தோற்க வேண்டும். அதுவும் வெளியே தெரியாமல் தோற்க வேண்டும்.

ஜெயிக்கப் பழகிய நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு ஜோடி செருப்பை வாசல் மாதிரி வைத்து நடுவில் பந்தை விடுவார். கண்ணை மூடிக்கொண்டு அடித்து, சத்தத்தை வைத்தே விழுந்ததா இல்லையா என்று சொல்வார். தப்பவிட்டவர் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று மனைவியோடு பந்தயம் வேறு. அப்படி விளையாட்டாய்ப் பழகிய கை, இப்போது திருந்த மாட்டேன் என்கிறது. கண்ணை எங்கே திருப்பினாலும் கை தம்ளரை விட்டு நகரவில்லை.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். தம்ளரை ஒட்டி ஒரு தீப்பெட்டியை வைத்தாள்.

"தம்ளரையே பாருங்க, தீப்பெட்டிக்கு அடிங்க. ரொம்பத் தள்ளிப் போனா சந்தேகம் வந்துடும். விளிம்புல உரசிட்டு வெளிய போகணும். பாக்கறவங்க அடடான்னு சொல்லணும்."

அதையும் பந்தயமாக்கினாள். உரசிக்கொண்டு போனால் ஒரு புள்ளி. அவளே ஜெயித்தாள். அடுத்த ஆட்டத்திலும் அவளே. அவர் மட்டையைச் சோபாவில் வீசிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. வேறு போட்டுக்கொண்டு வந்தாள், அதையும் தொடவில்லை.

"கோபமா?"

"எனக்கென்ன கோபம்? நான் என்னிக்குக் கோபப்பட்டிருக்கேன்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் குழியைச் சுற்றித் தொழிலாளிகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஆட்டம் சமனில் வந்து நின்றது. அப்படி நின்றால் ஆளுக்கு ஓர் அடி; ஒருவர் போட்டு மற்றவர் தப்பவிட்டால் முடிந்தது. இரண்டு பேருமே தப்பவிட்டால், நின்று அடிக்கிற கோட்டைக் குழிக்குக் கிட்டே நகர்த்தி மறுபடி அடிக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

இவர் அடித்தார். பந்து விளிம்பை உரசிக்கொண்டு வெளியே போனது. கூட்டம் உச்சுக் கொட்டியது. அப்பாடா என்று இவர் மூச்சு விட்டார். பம்ப் ஹவுஸ்காரர் குனிந்தார், இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார், அடித்தார். அதுவும் வெளியே.

கோடு கிட்டே வந்தது. இவர் தப்பவிட்டார். அவரும் தப்பவிட்டார். கோடு இன்னும் கிட்டே வந்தது. இனி ஊதினாலே விழுந்துவிடும். இங்கிருந்து தப்பவிடத் தனித் திறமை வேண்டும். எறும்பு கடித்த மாதிரி காலை உதறிக்கொண்டே அடித்து, ஒருவழியாக வெளியே அனுப்பினார்.

"குழியக் கொஞ்சம் அகலமா வெட்டிடலாமாண்ணே?" என்றார் ஸ்டோர்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பம்ப் ஹவுஸ்காரர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய் இவரையே முறைத்தார். பிறகு லேசாகத் தட்டினார். குழிக்கு முன்னாலேயே பந்து நின்றுவிட்டது.

இவருக்குச் சந்தேகமே இல்லை. மனுஷன் கண்டுபிடித்துவிட்டான். விட்டுக்கொடுக்கிறேன் என்று தெரிந்துபோய், உன் பிச்சை எனக்கு வேண்டாம் என்று நிறுத்திக் காட்டுகிறான். போச்சு, எல்லாம் போச்சு. கூட்டத்தில் மகனைத் தேடினார். அவன் இவர் கண்ணைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

பம்ப் ஹவுஸ்காரர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நேரே வந்தார். முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, நான் வேணும்னு..." என்று இழுத்தார் இவர்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்று குரலைத் தாழ்த்தினார் அவர். "தோத்தா நீங்க மாசக்கணக்குல மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க, வீட்டுல ஒருத்தரும் நிம்மதியா இருக்க முடியாதுன்னு உங்க பையன் என் பொண்ணுகிட்ட சொன்னானாம். அன்னிலேர்ந்து அவ என் பக்கத்துலயே உட்கார்ந்து, எனக்குத் தப்பா அடிக்கப் பழக்கிட்டிருக்கா. இதுக்கு மேல என்னால முடியாது. அடுத்ததையாவது உள்ள போட்டு ஜெயிச்சுத் தொலைங்க, சம்பந்தி."